மூன்றாம் பிறையா, மகாநதியா?

மனம்விட்டு அழ ஒரே ஒரு தமிழ்ப் படம் பார்ப்பதென்றால், 1982இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யா, 1994இல் சந்தான பாரதி இயக்கிய ‘மகாநதி’யா என்று பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டிலும் கமல்ஹாசன் நடிப்பு, இளையராஜா இசை.

கண்ணீர் வரும் இடம்: மூன்றாம் பிறையில் அது கடைசிச் சில நிமிடங்களுக்காகக் காத்திருக்கிறது. நினைவு திரும்பிய பெண் ரயிலில் அமர்ந்திருக்க, நினைவிழந்திருந்த நாட்களில் அவளைப் பார்த்துக்கொண்ட சீனு (கமல்), மழையில் நனைந்து சேற்றில் விழுந்தெழுந்து, முன்பு அவளைச் சிரிக்கவைத்த குரங்குச் சேட்டையைத் தலையில் பானையோடு செய்து காட்டுகிறான். அவளோ யாரோ பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். மகாநதியில் துயரம் வெகுமுன்பே தொடங்கி அடுக்கடுக்காக ஏறுகிறது. கொல்கத்தாவில் பாலியல் தொழில் விடுதியிலிருந்து மீட்கப்பட்ட மகள் தூக்கத்தில் பிதற்றுவதைக் கேட்டுத் தகப்பன் உடைந்துபோகும் காட்சியை இரண்டாம் முறை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

பார்த்தபின் தங்குவது: முன்னதில் ஏக்கம், பின்னதில் கோபம் கலந்த பதற்றம்.

பிரிவின் வலியைத் தனியே அழுது தீர்க்க நினைப்பவருக்கு மூன்றாம் பிறையே பொருந்தும். பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் மகாநதியை மனம் திடமாக இருக்கும் நாளில், துணைக்கு ஒருவரோடு பார்ப்பது நல்லது. குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.