ஐந்து ஆண்டுகளில் மூன்று பூச்சுகள்: புரொப்பெல்லரும் கொட்டலசும்

சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையின் சாங்கிப் பகுதியில் என் 33 அடி பாய்மரப் படகு 5 ஆண்டுகளாக நிற்கிறது. ஆண்டு முழுவதும் கடல் நீர் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதால், நீருக்கடியில் எதிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரான கொட்டலசுக்கு இங்கே ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது. மூன்று வாரம் படகை எடுக்காமல் விட்டால், அது புரொப்பெல்லரில் அப்பிக்கொள்ளும்; 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.) வேகத்தில் ஓடவேண்டிய படகு 4 நாட்டைத் தாண்டாது. எஞ்சின் கரும்புகை கக்கும், சுக்கானைப் பிடித்த கையில் அதிர்வு தெரியும்.

புரொப்பெல்லர் வெண்கலமாயிற்றே, அதில் செம்பு இருக்கையில் உயிரினங்கள் எப்படி ஒட்டுகின்றன என்று பலர் கேட்கிறார்கள். செம்பு மெல்லக் கரைந்து வெளியேறினால்தான் அவற்றை விரட்டும். அரிப்பைத் தடுக்க நாம் தண்டில் பூட்டும் துத்தநாகக் கட்டியோ, தான் கரைந்து வெண்கலத்தைக் கரையவிடாமல் காக்கிறது. ஆகவே நன்கு பாதுகாக்கப்பட்ட புரொப்பெல்லரில்தான் கொட்டலசு நிம்மதியாகக் குடியேறுகிறது.

முதலில் படகின் அடிப்பகுதிக்குப் பூசும் செம்பு கலந்த வண்ணப்பூச்சையே புரொப்பெல்லருக்கும் பூசினேன். நீரின் வேகம் மிகுந்த இலை நுனிகளில் அது விரைவிலேயே உரிந்துவிட்டது. அடுத்துக் கம்பளிக் கொழுப்பை உருக்கித் தடவினேன். செலவு குறைவு, இரண்டு மாதம் பரவாயில்லை, அதற்குமேல் தாங்கவில்லை.

மூன்றாவதாக, நியூசிலாந்தில் உருவான பிராப்ஸ்பீட் என்ற சிலிக்கோன் பூச்சு. இதில் நஞ்சு எதுவும் இல்லை; ஒட்டியவை பிடிமானமின்றி, புரொப்பெல்லர் சுழலும்போது வழுக்கி விழவேண்டும் என்பதே இதன் வேலை. முதல் முறை ஒரு படகுப் பட்டறையில் பூசிக் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் அது பாலாடைபோலச் சுருண்டு உரிந்தது. அடியில் வெண்கலம் கண்ணாடிபோல் பளபளத்ததைக் கண்டபோதுதான், கீறல் விழத் தேய்க்காமல் மெருகேற்றிவிட்டார்கள் என்று புரிந்தது. மறுமுறை நானே செய்தேன். 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, கையுறையோடு, துணியில் அழுக்குப் படியாத வரை துடைத்து, மஞ்சள் அடிப்பூச்சு முற்றிலும் உலர்வதற்குள் மேல்பூச்சைக் கொடுத்து, ஓர் இரவு முழுக்க ஆறவிட்டேன்.

இப்போது 22 மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் மூழ்கிப் பார்த்தபோது இலையின் பின்புறம் சுண்டுவிரல் நகமளவில் ஒரு கொட்டலசு இருந்தது. கட்டைவிரலால் தள்ளியதும் அடித்தட்டோடு நழுவிப் போயிற்று. முன்பெல்லாம் சுரண்டினாலும் வெள்ளை வட்டமாக அதன் சுண்ணாம்புத் தட்டு எஞ்சிநிற்கும். அடுத்த கூட்டம் அதன்மேலேயே ஏறும்.

குறை இல்லாமல் இல்லை. இலைகள் இணையும், வேகம் குறைந்த நடுக்குமிழில் இன்னும் ஒட்டத்தான் செய்கிறது. படகு அசையாமல் நின்றால் இலைகளிலும் படியும் என்பதால், வாரம் ஒருமுறை கட்டிய இடத்திலேயே பத்து நிமிடம் முன்னும் பின்னுமாகச் சுழலவிடுகிறேன். படகை நீண்ட நாள் நிறுத்திவிட்டு வெளியூர் போகுமுன் கறுப்புப் பிளாஸ்டிக் பையால் புரொப்பெல்லரை மூடிக் கட்டுவோரும் உண்டு. அது பயன்படும், ஆனால் பை கட்டியிருப்பதை நினைவூட்ட எஞ்சின் சாவியில் ஓர் அட்டையை மறக்காமல் தொங்கவிட வேண்டும்.

அடுத்த முறை படகைக் கரையேற்றும்போதும் இதையே பூசுவேன். துத்தநாகக் கட்டியின்மேல் மட்டும் பட்டுவிடக் கூடாது. சுத்தம் செய்ய ஆள் இறக்கினால், இரும்புச் சுரண்டியை மேலே வைத்துவிட்டு மென்துணியோடு இறங்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் பூச்சு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.