விலை குறைந்த .22 துப்பாக்கிகள்: எந்தப் பாகம் முதலில் காலை வாரும்?

500 அமெரிக்க வெள்ளிக்குள் கிடைக்கும் .22 ரிம்ஃபயர் (சிறு தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும்) துப்பாக்கிகளில் குழலைக் குறை சொல்ல அதிகம் இல்லை. இன்றைய எந்திரங்கள் மலிவு விலைக் குழலையும் ஓரளவு நேராகவே துளைத்துவிடுகின்றன. ஆளைச் சோதிப்பவை தோட்டாக்களை அடுக்கும் மேகசின், சுட்ட வெற்றுக்கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், சுண்டுவிரல் நகமளவு ஸ்பிரிங், ஒரு துண்டு பிளாஸ்டிக். அமெரிக்காவில் இவற்றில் ஒன்று உடைந்தால் கடைக்குப் போய்ச் சில வெள்ளியில் வாங்கி மாட்டிவிடலாம். சிங்கப்பூரில் துப்பாக்கி கிளப்பின் ஆயுதக் கிடங்கில் இருக்கும், உரிமம் காவல்துறை கையில் இருக்கும், பாகங்களும் கிளப் வழியாக முறையான அனுமதியோடுதான் வர வேண்டும். இணையத்தில் 'ஆர்டர்' தட்டிவிட்டு வாசலில் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் சங்கதி இல்லை இது. இங்கே சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறையும் 6 பிரம்படியும். ஆகவே இந்த மதிப்பீட்டில் துப்பாக்கியின் விலைக்குக் கொடுக்கும் எடையைவிட உதிரிப்பாகங்களுக்குக் கொடுக்கும் எடை அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜூராங் பக்கம் பழைய சுவா சூ காங் ரோட்டில் சுடும் போட்டியாளருக்கு 50 மீட்டர் ரைஃபிள் என்றால் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் போல்ட் துப்பாக்கிதான். 10 புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், கீழே பேசும் எதுவும் அந்த வட்டத்துக்கு லாயக்கில்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் தங்கம் வென்ற போட்டிக்குரிய துப்பாக்கிகளின் விலையே வேறு. இந்த மதிப்பீடு பயிற்சித் துப்பாக்கி தேடும் கிளப் பொறுப்பாளருக்கும், ஆக்லாந்திலோ டெக்சஸிலோ உறவினர் பண்ணையில் உரிமத்தோடு சுடப் போகிறவருக்கும்.

ரிம்ஃபயர் ஏன் இவ்வளவு செல்லம் கேட்கிறது? 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் தனி மூடியாக இல்லை. பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுழற்றிப் பூசப்பட்டிருக்கும். அந்த விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 0.043 அங்குலம், ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர். ஃபயரிங் பின் அதை நசுக்கினால்தான் வெடிக்கும். எக்ஸ்ட்ராக்டர் பிடித்து இழுப்பதும் அதே விளிம்பைத்தான். போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிர்ணயிப்பதும் அதே விளிம்புதான். ஒரே இடத்தில் மூன்று வேலை. அதில் ஒரு பாகம் கொஞ்சம் கரடாக இருந்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து மக்கர் பண்ணும். போதாதற்கு ஈயக் குண்டின் மேல் மெழுகு. நூறு இருநூறு தோட்டாவில், தோட்டா உட்காரும் சேம்பரின் ஓரத்தில் கரியும் மெழுகும் சேர்ந்து வளையம் கட்டிவிடும்.

சுட்ட தோட்டாவின் விசையாலேயே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் ரூகர் 10/22தான் எல்லாரும் கேட்பது. 1964 முதல் வருகிறது. இதன் சிறப்பு 10 தோட்டா சுழல் மேகசின். உடல் பிளாஸ்டிக், தோட்டா வெளியேறும் உதடு எஃகு. மலிவுத் துப்பாக்கிகளில் பாதிச் சிக்கல் தகர மேகசினின் உதடு வளைவதால் வருவது. இங்கே அது வளைய வழியே இல்லை. போல்ட் உள்ளே ஓடும் உடற்கூடான ரிசீவர் அலுமினிய வார்ப்பு. ட்ரிகர் கூண்டு முன்பு அலுமினியம், இப்போது பாலிமர். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, ஆனால் அந்தப் பாலிமர் கூண்டால் கோளாறு வருவது அபூர்வம். கோளாறு ட்ரிகரின் இழுப்பில்தான்: ஏறக்குறைய 2.7 கிலோ, அதுவும் மணலில் இழுப்பதுபோல. தொழிற்சாலை எக்ஸ்ட்ராக்டர் தகட்டில் வெட்டியது. முனை கூர்மையாக இருக்காது. வெற்றுக்கூடு வெளியே பறக்காமல் புகைக்கூண்டுபோல நிமிர்ந்து சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மாற்று எக்ஸ்ட்ராக்டர் செய்பவர்கள் பலர். மாற்றவும் பத்து நிமிடம் போதும். மெல்லிய ஸ்குரூடிரைவரால், எக்ஸ்ட்ராக்டரைப் பிடித்திருக்கும் சிறு ஊசியான பிளஞ்சரைப் பின்னுக்கு அழுத்தி, பழையதை எடுத்து, புதியதை நுழைத்தால் முடிந்தது. அழுத்தும்போது போல்ட்டை ஒரு வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பிரிங் பறந்தால் ஆயுதக் கிடங்கில் தவழ்ந்து தேட வேண்டியதுதான்.

10/22இன் பெரிய குறை துடைப்பதில். ரிசீவரின் பின்புறம் மூடியிருப்பதால் துடைக்கும் கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் விட முடியும். கம்பி வாயோரத்தை உரசி உரசி அங்கே தேய்ந்தால் குறி சிதறும், பிறகு குழலைக் குறை சொல்வார்கள். கயிற்றுத் துடைப்பானைச் சேம்பர் பக்கமிருந்து இழுங்கள். குழல் ரிசீவரில் இரண்டு ஆலன் திருகில் நிற்கிறது, 5/32 அங்குலச் சாவி. தோளில் வைக்கும் கட்டையோடு (ஸ்டாக்) பிணைக்கும் ஒற்றைத் திருகை 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டாம். வெற்றாக ட்ரிகர் இழுத்துப் பழகினாலும் ஃபயரிங் பின் சேம்பரைத் தொடாதபடி தடுப்பு இருக்கிறது. கிளப் துப்பாக்கிக்கு இது சிறிய விஷயமில்லை. புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதத்தில் ஆயிரம் தடவை வெற்றாக இழுப்பார்கள்.

மார்லின் மாடல் 60 1960இல் வந்தது. குழலில் 16 நுண்வரிகள். சுடும் துல்லியத்தில் பல நேரம் 10/22ஐ முந்தும். ஆனால் பழையது வாங்குகிறவர் ஒரு பாகத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது: ரிசீவரின் பின்கோடியில் போல்ட் வந்து மோதும் பிளாஸ்டிக் பஃபர். வயதாக ஆக அது மஞ்சளாகி, சுக்குப்போலக் காய்ந்து நொறுங்கும். துண்டுகள் ட்ரிகர் அமைப்புக்குள் விழுந்து சிக்கும்; பஃபர் இல்லாத போல்ட் உலோகத்தில் நேராக மோதும். கட்டையைக் கழற்றினால் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். நகத்தால் அழுத்தினால் விரிசல் விடுகிறதென்றால் உடனே மாற்ற வேண்டும். அடுத்தது, தோட்டாவைக் குழலுக்கு ஏற்றும் லிஃப்டரின் மெல்லிய கம்பி ஸ்பிரிங். பிரித்துத் துடைத்துப் பூட்டுகிறவர்கள் அதைச் சற்றே வளைத்துவிடுவார்கள். பிறகு தோட்டா தலையைத் தூக்காது, பழி துப்பாக்கி மேல் விழும். பிரிக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது கைப்பழக்கத்தைவிட நம்பகமானது. ரூகர் 2020இல் மார்லினை வாங்கியது. கைக்கு வருபவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. பஃபரும் எக்ஸ்ட்ராக்டர்களும் மாற்று உற்பத்தியாளர்களிடம் கிடைக்கும், அதுவே இதன் ஆயுள்.

ரெமிங்டன் 597 காகிதத்தில் அழகு. போல்ட் இரண்டு எஃகுத் தண்டுகளில் வழுக்கி ஓடும். ஆனால் முதலில் வந்த பிளாஸ்டிக் மேகசின்கள் பெயரைக் கெடுத்தன; பின்னால் வந்த உலோக மேகசின் தேவலை. தண்டுகளின் திருகை அதிகம் இறுக்கினால் போல்ட் இறுகி அரைகுறையாக ஓடும். நிறுவனமே 2020இல் நொடித்துப்போன பிறகு, இங்கே இருந்துகொண்டு இதற்கு மேகசின் தேடுவது வீண் அலைச்சல். வேண்டாம். சாவேஜ் 64 எளிமையானது, ஆனால் தகர மேகசின். உதடு ஒரு நூல் விரிந்தால் தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு முட்டும். பிரேசிலில் தயாராகும் ரோஸி ஆர்எஸ்22 விலையில் எல்லாவற்றுக்கும் கீழே, சுடவும் செய்யும். பிரித்துத் துடைக்கும்போதுதான் எங்கே சிக்கனம் செய்தார்கள் என்று புரியும்.

போல்ட் ஆக்‌ஷனுக்கு வந்தால் மனம் நிம்மதியாகிறது. தோட்டாவின் வேகம் இங்கே பொருட்டில்லை. நொடிக்கு 325 மீட்டர் அளவில் போகும் சாதாரணத் தோட்டாவும் தடையில்லாமல் ஓடும். சாவேஜ் மார்க் 2 இந்த விலையில் முதல் தேர்வு. 'அக்யூட்ரிகர்' எனும் அதன் ட்ரிகரின் இழுப்பைப் பயனரே இலகுவாக்கலாம். குறை, பழையபடி மேகசின் உதடு. தோட்டா மேலே முட்டினால் உதட்டின் முன்பகுதியை மூக்குக் குறட்டால் மயிரிழை அளவு உள்ளே கொண்டுவந்தால் சரியாகும். ஒரே அழுத்தில் சரிசெய்யப் பார்த்தால் மேகசினே போய்விடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் நிறையக் காணும் நோரின்கோ ஜேடபிள்யூ 15, செக் நாட்டு பிர்னோ வடிவத்தின் சீன நகல். வடிவம் நல்லது, வேலைப்பாடு கரடு. போல்ட் ஓடும் பாதையில் அரம் வைத்த தடம் தெரியும். திருகுகள் மென்மை, சரியான அகலமுள்ள ஸ்குரூடிரைவர் இல்லாமல் தொட்டால் தலை மழுங்கிவிடும். அந்தச் செக் மரபில் வந்த சிஇசட் 457 விலையில் உச்சவரம்பைத் தாண்டும். ஆனால் சுத்தியடித்து உருவாக்கிய குழல், சரிசெய்யத்தக்க ட்ரிகர், 60 பாகையில் தூக்கும் போல்ட் என்று கொடுத்த காசு கண்ணுக்குத் தெரியும். பத்துப் பேர் மாறிமாறிச் சுடும் கிளப்புக்கு இரண்டு மலிவுத் துப்பாக்கியைவிட ஒரு 457 லாபம்.

எதை வாங்கினாலும் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய பரிசோதனை பெரிதில்லை. முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணால் மட்டுமல்ல, விரலாலும் உறுதிசெய்யுங்கள். மேகசினுள் தோட்டாக்களைத் தாங்கும் மேடையை விரலால் அடிவரை அழுத்தி மெதுவாக விடுங்கள். நடுவில் எங்கேனும் நின்றால் உள்ளே வளைவு இருக்கிறது. போல்ட்டை வெளியே எடுத்து, சுட்ட வெற்றுக்கூடு ஒன்றை எக்ஸ்ட்ராக்டர் நகத்தில் மாட்டி, வாய் கீழே பார்க்கப் பிடியுங்கள். கூடு தானாக விழுந்தால் நகம் மழுங்கியது அல்லது ஸ்பிரிங் தளர்ந்தது. பிறகு சிறு டார்ச்சில் சேம்பரின் விளிம்பைப் பாருங்கள். ஃபயரிங் பின் குத்திய குழி இருந்தால் முந்தைய உரிமையாளர் வெற்றாக இழுத்தே பழகியிருக்கிறார். அந்த இடத்தில் உலோகம் உள்ளே பிதுங்கி, கூடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்குவதே நல்லது.

வெடிக்காத தோட்டா வந்தால் காரணம் அதன் விளிம்பிலேயே எழுதியிருக்கும். குழி ஆழமாக, தெளிவாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் மருந்து அந்த இடத்தில் பூசப்படாமல் விட்டிருக்கிறது. தோட்டா மேல் குற்றம். குழி லேசாக, தடவியதுபோல இருந்தால் ஃபயரிங் பின் பாதையில் கெட்டிப்பட்ட எண்ணெய், தளர்ந்த ஸ்பிரிங், அல்லது தோட்டா முழுதாக உள்ளே போகாதது. இங்கே தேசிய சேவை முடித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ராணுவத் துப்பாக்கி எஸ்ஏஆர் 21இல் கை பழகிய ஐஏ (உடனடி நடவடிக்கை), அதாவது தட்டு, இழு, சுடு என்பது, .22க்கு ஆகாது. வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. 'பட்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று சத்தம் வந்தால் நிறுத்திவிட்டுத் தள அதிகாரியைக் கூப்பிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம். அதன் பின்னால் இன்னொன்றை அனுப்பினால் குழல் வீங்கிவிடும்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டிய கிடங்கிலிருந்து வெளித்தளத்துக்கு எடுத்துவந்த துப்பாக்கியில், குளிர்பானப் புட்டியில்போல வியர்வை படியும். மலிவுத் துப்பாக்கிகளின் கறுப்புப் பூச்சு மெல்லியது. வாயோரத்திலும் போல்ட் கைப்பிடியிலும் துரு முதலில் தலைகாட்டும். சுட்டு முடித்ததும் வெளிப்பரப்பை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். உள்ளே பஞ்சு வைத்த பெட்டியில் மூடி வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அதே சமயம் ஃபயரிங் பின் பாதையில் எண்ணெய் ஊற்றுவது கெடுதல். அங்கே உலர்ந்திருப்பதே நல்லது. போல்ட் பாதைக்கு ஒரு சொட்டு போதும்.

கிளப் வழியாகத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும்போதே உதிரிப்பாகப் பட்டியலையும் அதனோடு இணைத்துக் கேளுங்கள். எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங், பிளஞ்சர் இரண்டு செட். ஃபயரிங் பின் ஸ்பிரிங்கோடு ஒன்று. மேகசின் குறைந்தது மூன்று. செமி ஆட்டோவானால் பஃபர் இரண்டு. கட்டைத் திருகு ஒரு ஜோடி. துப்பாக்கி விலையோடு பார்த்தால் பெரிய தொகை இல்லை. பின்னால் ஒரேயொரு ஸ்பிரிங்குக்காகத் தனியாக விண்ணப்பித்தால், ஸ்பிரிங் விலையைவிட அஞ்சல் கட்டணம் அதிகம். அது வந்து சேரும்வரை துப்பாக்கி கிடங்கில் சும்மா கிடக்கும்.