ஆடியோ பிளகின் புராஜெக்ட்: ஜூஸா, ஃபௌஸ்டா, பியூர் டேட்டாவா?

இசை மென்பொருளுக்குள் இயங்கும் சிறு ஒலி நிரல்தான் பிளகின். அதை மாணவர் புராஜெக்டாக எழுத இங்கே மூன்று வழிகள்: சி++ நிரல் கட்டமைப்பான ஜூஸ் (JUCE), ஒலிக்கென்றே உள்ள நிரல்மொழி ஃபௌஸ்ட் (Faust), பெட்டிகளை இணைத்து நிரல் அமைக்கும் பியூர் டேட்டா (Pure Data). வசதிகளைப் பட்டியலிட்டு ஒப்பிட்டால் ஜூஸ்தான் வெல்லும். அந்த ஒப்பீட்டால் மாணவருக்குப் பயனில்லை. ஒரே அல்காரிதத்தை மூன்றிலும் எழுதிப் பார்த்தால்தான் குணம் தெரியும். 1983இல் வெளியான கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறையை எடுத்துக்கொள்வோம். டிலே லைன் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் நினைவுப்பகுதி) ஒன்றை இரைச்சலால் நிரப்பி, அடுத்தடுத்த இரு சாம்பிள்களின் (ஒலி அலையின் தனித்தனி அளவீடுகள்) சராசரியைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பினால், மீட்டிய தந்தியின் நாதம் பிறக்கும்.

பியூர் டேட்டாவில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்ததும் ஒலி கேட்டுவிடும். ஆனால் அது வழக்கமாக 64 சாம்பிள்களை ஒரே தொகுதியாகக் கையாள்கிறது. பின்னூட்டத்தின் தாமதம் அதற்குக் கீழே இறங்காது. தாமதம் குறைந்தால்தான் சுருதி உயரும்; வினாடிக்கு 48,000 சாம்பிள் என்றால், தந்தி ஏறக்குறைய 750 ஹெர்ட்ஸில் முட்டி நின்றுவிடும். தொகுதியைச் சுருக்கலாம், கணினியின் சுமை எகிறும். இந்தப் பெட்டிகளைப் பிளகினாக ஓட்டித் தரும் பிளக்டேட்டாவே ஜூஸில் எழுதப்பட்டதுதான்!

ஃபௌஸ்டில் அந்த முட்டுக்கட்டை இல்லை. பின்னூட்டம் ஒரே சாம்பிள் தாமதத்தில் ஓடும். தந்தி முழுவதும் சில வரிகளில் முடிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தைச் சுருதிக்குக் கொடுக்கலாம். 440 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 109.1 சாம்பிள் தாமதம் வேண்டும். சராசரி எடுப்பதே அதில் அரை சாம்பிளை விழுங்கிவிடும். டிலே லைன் 108 என்றால் 442.4 ஹெர்ட்ஸ், 109 என்றால் 438.4. நடுவில் நிற்கப் பின்னத் தாமதம் தேவை; அது ஃபௌஸ்டின் நூலகத்திலேயே இருக்கிறது. எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) வேலைகளுக்கு மட்டும் இந்த மொழி ஒத்துவராது.

ஜூஸில் எல்லாமே உங்கள் பொறுப்பு. இடது, வலது சேனல்கள் இரண்டும் ஒரே டிலே லைனில் எழுதினால் சத்தம் வரும், இசை வராது. 128 சாம்பிள் பஃபரை (ஒவ்வொரு முறையும் தரவேண்டிய ஒலித் தொகுதி) நிரப்ப 2.67 மில்லிவினாடிதான் அவகாசம். அதற்குள் நினைவகம் ஒதுக்கக் கேட்டால், என்றாவது ஒருநாள் ‘டிக்’கென்று ஒலி அறுபடும். இவற்றை ஃபௌஸ்ட் தானே பார்த்துக்கொள்கிறது. வசதிதான், ஆனால் வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவதும் இவைதானே?

என் தேர்வு: அல்காரிதத்தை ஃபௌஸ்டில் எழுதிக் காதால் சரிபாருங்கள். பிறகு அதையே ஜூஸில் கையால் எழுதி, இரண்டின் வெளியீட்டையும் சாம்பிள் சாம்பிளாகக் கழித்துப் பாருங்கள். எஃப்எஃப்டி சார்ந்த தலைப்பு என்றால் முதல் நாளே ஜூஸுக்குப் போய்விடலாம். மூலநிரலை வெளியிட விருப்பமில்லாதவர்கள் மட்டும் ஜூஸின் ஏஜிபிஎல் உரிமத்தை (நிரலைப் பகிர்ந்தால் மூலநிரலையும் தரச் சொல்வது) முதலில் படித்துவிட வேண்டும்.