திரை இருண்டால் யாரைக் கேட்பது: மானிட்டரா, சீரியல் கேபிளா, மல்டிமீட்டரா?

போர்டில் மின்விளக்கு எரிகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. ராஸ்பெர்ரி பை 4, பீகிள்போன் பிளாக் என எந்த ஒற்றைப் பலகைக் கணினியாக (போர்டு) இருந்தாலும் பலரும் முதலில் செய்வது மெமரி கார்டை மறுபடி எழுதுவதுதான். அதற்கே அரை நாள் போய்விடும். கோளாறு கார்டில்தானா என்று அதுவரை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

விசாரிக்க மூன்று சாட்சிகள் உண்டு. மூன்றையும் நெடுநாள் பயன்படுத்திய பிறகு, எதை எப்போது நம்பலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

மானிட்டர் மூன்றில் பலவீனமான சாட்சி. போர்டு எழும் வரிசையில் அது கடைசியில்தான் வருகிறது. பீகிள்போன் பிளாக்கில் சிப்புக்குள் இருக்கும் ரோம் நிரல், அடுத்து கெர்னலை ஏற்றும் யு-பூட் என்ற பூட்லோடர், அடுத்து லினக்ஸின் மைய நிரலான கெர்னல் என்று எல்லாம் வரிசையாக எழுந்த பிறகே எச்டிஎம்ஐ சிப் உயிர்பெறும். அதற்கு முன் எங்கே நின்றிருந்தாலும் திரையில் தெரிவது ஒரே கறுப்பு. பை 4 இதில் மேல். அதன் பூட்லோடர் போர்டிலேயே ஒரு தனி நினைவகச் சிப்பில் இருப்பதால், கார்டு இல்லாவிட்டாலும் திரையில் ஒரு விவரப் பக்கத்தைக் காட்டிவிடும். ஆனால் கேபிள் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகளில் மின்சாரத் துளையை ஒட்டியதில் இருக்க வேண்டும். மற்றதில் செருகிவிட்டு போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மின்விளக்குச் சிமிட்டலை மானிட்டருக்கு ஒரு படி மேலே வைப்பேன். பை 4-இன் பச்சை விளக்கு 4 முறை சிமிட்டினால் ஸ்டார்ட் கோப்பு இல்லை, 7 முறை என்றால் கெர்னல் கோப்பு இல்லை, 8 முறை என்றால் நினைவகக் கோளாறு. பீகிள்போனின் நீல விளக்குகளில் ஒன்று இதயத்துடிப்பு போலச் சிமிட்டுவது, கெர்னல் எழுந்த பிறகுதான் வரும். துடிப்பு இருந்து திரை மட்டும் இருண்டிருந்தால் பூட் பக்கம் நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராகக் கேபிளுக்கும், கிரவுண்டுக்கும் (எல்லா மின்னழுத்தத்துக்கும் பொதுவான பூஜ்யப் புள்ளி) போகலாம்.

நெடுநாள் என் முதல் தேர்வு சீரியல் கேபிள்தான்: போர்டு எழும்போது அனுப்பும் எழுத்துச் செய்திகளை மடிக்கணினியில் காட்டும் கம்பி. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் மாற்றி போதும், வேகம் நொடிக்கு 115200 பிட். பீகிள்போனில் ஜே1 என்ற ஆறு முள் இணைப்பில் 1 கிரவுண்ட், 4 வாங்கும் முள், 5 அனுப்பும் முள். இந்த விஷயத்தில் பீகிள்போன் பையைத் தெளிவாக வெல்கிறது. எந்த அமைப்பையும் மாற்றாமலே முதல் நொடியிலிருந்து பேசுகிறது. உள்ளிருக்கும் இஎம்எம்சி நினைவகத்திலும் கார்டிலும் பூட் செய்ய எதுவும் கிடைக்காவிட்டால், ரோம் நிரல் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் மானிட்டரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பையில் 6, 8, 10 ஆம் முள்களில் கம்பிகளை இணைத்தாலும், கான்ஃபிக் கோப்பில் சீரியலை இயக்கியாக வேண்டும். பூட்லோடரும் பேச வேண்டுமானால் அதன் அமைப்பிலும் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். எழாத போர்டில் இதைச் செய்ய, கார்டைக் கழற்றி வேறு கணினியில் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். போர்டு நன்றாக இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட சாட்சியும் பொய் சொல்லும். கிரவுண்ட் கம்பி சரியாக இல்லாதபோது அது நடக்கும்.

ஒரு முறை என் பீகிள்போனில் திரை வருவதும் வராமல் போவதுமாக இரண்டு நாள் அலைக்கழித்தது. மாட்டியே வைத்திருந்த சீரியலில் பார்த்தால் குப்பை எழுத்துகள். கிரவுண்ட் கம்பியின் முனை தளர்ந்திருந்தது. அதை இறுக்கியதும் எழுத்துகள் தெளிந்தன, போர்டும் ஒழுங்காக எழுந்தது. அப்போதுதான் காரணம் விளங்கியது: பொதுவான கிரவுண்ட் இல்லாததால் வாங்கும் முள்ளில் இரைச்சல் ஏறி, யு-பூட் அதை யாரோ விசையை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு தன் கட்டளை வரியிலேயே நின்றுவிட்டது. கெர்னல் வரவில்லை, ஆகவே படமும் வரவில்லை. பூட் கோளாறு, வீடியோ கோளாறு என்று தனித்தனியாக நான் எழுதி வைத்திருந்த இரண்டும் ஒரே கம்பியில் இருந்தன.

அன்றிலிருந்து சீரியலுக்கும் முன்னால் மல்டிமீட்டரை எடுக்கிறேன். மின்சாரம் இல்லாத நிலையில் போர்டின் கிரவுண்ட் முள்ளுக்கும் எச்டிஎம்ஐ உறைக்கும் தொடர்பு ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மின்சாரம் கொடுத்து, கேபிளைச் செருகுமுன் போர்டின் கிரவுண்டுக்கும் மானிட்டரின் எச்டிஎம்ஐ உறைக்கும் இடையே ஏசி வோல்ட்டை அளக்க வேண்டும். இரண்டு முள் அடாப்டரில் ஓடும் போர்டு எர்த்துடன் சேராமல் மிதக்கிறது. அடாப்டருக்குள் இருக்கும் சிறிய மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மின்சாரத்தால், 230 வோல்ட் வீட்டில் மீட்டர் 100 வோல்ட்டுக்குப் பக்கத்தில்கூடக் காட்டலாம். மின்னோட்டம் மிகக் குறைவு. விரலில் மெல்லிய சுரீர் என்ற உணர்வு, அவ்வளவே. ஆனால் மூன்று முள் சார்ஜரில் ஓடும் மடிக்கணினியிலிருந்து வரும் சீரியல் கேபிளில் அனுப்பும் கம்பி முதலில் தொட்டுவிட்டால், அந்தக் கசிவு முழுதும் சிப்பின் மெல்லிய முள் வழியாக இறங்கும். கிரவுண்ட் கம்பியை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள். மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியை மாட்டவே வேண்டாம்.

மீட்டர் காட்டித் தரும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய யுஎஸ்பி கேபிளில் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் தலா 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். போர்டு 1 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட்டில் 0.4 வோல்ட் வழியிலேயே போய், 4.6 வோல்ட்தான் வந்து சேரும். பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே குறைமின்னழுத்த எச்சரிக்கை தருகிறது. அதோடு போர்டின் கிரவுண்ட் 0.2 வோல்ட் மேலே எழுந்து நிற்கிறது. மானிட்டரின் யுஎஸ்பி துளையிலிருந்தே போர்டுக்கு மின்சாரம் எடுத்திருந்தால், திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு எச்டிஎம்ஐ கேபிளின் உறை வழியாகப் போகும். படம் இடையிடையே அறுந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். தடிமனான, குட்டையான கேபிளும் போர்டுக்கென்று தனி அடாப்டரும் போதும்.

பழைய டிவியில் காம்போசிட் (ஒற்றை மஞ்சள் கம்பி) படம் எடுப்பவர்களுக்கு வேறு விதமான கிரவுண்ட் தொல்லை. பை 4 வரைக்கும் இருந்த 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகியின் நுனியையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது பகுதிதான் கிரவுண்ட், அடிப்பகுதி வீடியோ. கேம்கார்டர் கேபிள்கள் சிலவற்றில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும். கேபிளின் மஞ்சள் முனையின் வெளி உலோகமும் செருகியின் மூன்றாவது பகுதியும் மீட்டரில் ஒலிக்காவிட்டால் வேறு கேபிள் வாங்குவதைத் தவிர வழியில்லை. படம் வந்து, குறுக்கே கறுப்புப் பட்டை ஓடினால் அது கிரவுண்ட் சுற்று: கருவிகளின் கிரவுண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் இணைந்து, அந்த வளையத்தில் மின்னோட்டம் ஓடுவது. பை இயல்பாக என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் நொடிக்குச் சுமார் 60 முறை திரையை வரைகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பட்டை வேகமாக உருளும். நொடிக்கு 50 முறை வரையும் பால் (PAL) முறைக்கு மாற்றினால் ஏறக்குறைய நின்றுவிடும். நோய் போகாது, ஆனால் காரணம் வீட்டு மின்சாரம்தான் என்பது உறுதியாகிவிடும்.

கிரவுண்ட் சுற்றைத் தீர்க்கும் வழிகளில் போர்டு, மானிட்டர், மடிக்கணினி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதையே முதலில் சொல்வேன். செலவு இல்லை, பெரும்பாலும் போதும். போர்டைப் பவர் பேங்கில் ஓட்டிப் பார்ப்பதும் சோதனைக்கு நல்லது. சீரியல் கேபிளுக்கு, இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்து வைக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் நல்ல முதலீடு. 12 மெகாபிட் வகையே சீரியலுக்கு ஏராளம். ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளுக்குச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். அவற்றில் பலவற்றில் படம் மட்டுமே ஒளியிழையில் போகிறது, கட்டுப்பாட்டுக் கம்பிகளும் கிரவுண்டும் செம்பிலேயே தொடர்கின்றன.

மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டால் பட்டை மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டை மறையலாம். பிறகு அந்த மானிட்டருக்குள் காப்பு உடைந்த அன்று, அதன் உலோகப் பகுதியும் எச்டிஎம்ஐ உறையும் உங்கள் கையில் இருக்கும் போர்டும் 230 வோல்ட்டில் நிற்கும்.