சென்ட்ஓஎஸ் 7 சர்வரை 8-க்கு மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன்

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ் ஓடும் பில்லிங் சர்வரை வைத்துக்கொண்டு, அதன் பராமரிப்புக்கு வெளி ஆட்களை நம்பியிருக்கும் சின்ன நிறுவனங்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ஈரோட்டில் எங்கள் ஜவுளி மொத்தக் கடையில் 90,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, செய்யாத அப்கிரேடைச் செய்ததாகக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று பெயர் போடவில்லை. செய்த விதத்தை மட்டும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு பெயரில் வேறு ஆட்களும் செய்யலாம்.

சர்வர் ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது, பெரும்பாலும் பேக்கப் ஓடும் நேரத்தில். காலையில் வந்து பார்த்தால் ஸ்டாக் டேபிள் கெட்டுக் கிடக்கும், அதை ரிப்பேர் போட்டு எடுப்பதற்குள் லோடு ஏற்ற வந்தவர்கள் பில்லுக்காக வாசலில் நிற்பார்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருந்தவர்களைக் கூப்பிட்டோம். வந்தவர் சர்வரில் நடந்ததைப் பதிவு செய்யும் லாக் எதையும் திறக்கவில்லை, நேராக மென்பொருள் பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் 'யம் அப்டேட்' கட்டளையைத் தட்டினார், பேக்கேஜ் கிடைக்கும் இடங்களைச் சொல்லும் மிரர்லிஸ்ட் முகவரியே கிடைக்கவில்லை என்று பிழை வந்தது, "பாருங்க சார், ஓஎஸ் செத்துப்போச்சு, அதனாலதான் கிராஷ் ஆகுது" என்றார்.

இது பாதி உண்மையை வைத்துச் சொன்ன பொய். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்தது, அதோடு அந்த மிரர்லிஸ்ட் முகவரியையும் நிறுத்திவிட்டார்கள், பழைய பேக்கேஜ்கள் வால்ட் என்ற காப்பகத்துக்குப் போய்விட்டன. பேக்கேஜை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் ரெப்போ கோப்புகளில் முகவரியை வால்டுக்கு மாற்றினால் 'யம்' மறுபடி ஓடும். புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அதனால் மாற வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஆதரவு முடிந்துவிட்டது என்பதற்காக நேற்று வரை ஓடிய கர்னல் (ஓஎஸின் மையப் பகுதி) இன்று நடுராத்திரியில் விழாது!

அப்புறம் பயமுறுத்தல். ஆதரவு முடிந்த மறுநாளே, ஜூலை 1-ம் தேதி, வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரெக்ரெஸ்எஸ்எச் என்ற பெரிய ஓட்டை வெளியானது. அந்தச் செய்தியை எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, உங்கள் சர்வரை எப்போது வேண்டுமானாலும் ஹேக் செய்வார்கள், உடனே மாற்றியாக வேண்டும் என்றார்கள். அந்த ஓட்டை இருப்பது 8.5 முதல் 9.7 வரையுள்ள பதிப்புகளிலும், ரொம்பப் பழைய 4.4-க்கு முந்தையவற்றிலும்தான். சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 7.4, அதற்கும் இந்த ஓட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், முக்கால் மணி நேரத்தில் முடித்தார்கள், லாகின் செய்ததும், சென்ட்ஓஎஸுக்கு மாற்றாக வந்த அல்மாலினக்ஸ் 8.10 என்று திரையில் வந்தது. எல்லாம் முன்பு போலவே ஓடியது. "ஒண்ணுமே உடையாம பண்ணிட்டோம் பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த வாரமே சர்வர் மறுபடி விழுந்தது. புது ஓஎஸ் செட் ஆகக் கொஞ்சம் டைம் எடுக்கும் என்று பதில்.

பில்லிங் மென்பொருள்காரர்கள் புதுப் பதிப்பைப் போட முயன்றபோதுதான் உண்மை வெளியே வந்தது. மற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 இல்லை என்று பிழை வந்தது. அல்மாலினக்ஸ் 8-ல் ஜிலிப்சி 2.28-தான் அடிப்படையே, அது இல்லாமல் 8 என்பதே கிடையாது. ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் 'யுநேம் -ஆர்' போட்டோம், 3.10.0-1160 என்று தொடங்கி நடுவில் இஎல்7 என்று காட்டியது, அதாவது 7-க்கான கர்னல். 8 என்றால் 4.18 வந்திருக்க வேண்டும். ஆக, ரெட்ஹாட்-ரிலீஸ், ஓஎஸ்-ரிலீஸ் இரண்டு கோப்புகளிலும் பெயரை மட்டும் மாற்றி எழுதி, ரெப்போவை வால்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் 90,000 ரூபாய் வேலை. பழைய வண்டிக்குப் புது நம்பர் பிளேட் மாட்டிக் கொடுத்த கதை.

கிராஷுக்கான காரணம் முதல் நாளிலிருந்தே சர்வருக்குள்தான் எழுதியிருந்தது. 'லாஸ்ட் -எக்ஸ்' போட்டால் ரீபூட் வரிகள் இருந்தன, அவற்றுக்கு முன் ஷட்டவுன் வரி இல்லை, அதாவது யாரும் முறையாக நிறுத்தவில்லை. கிராஷ் விவரத்தைச் சேமிக்கும் கெடம்ப் சேவை ஓடிக்கொண்டிருந்ததால் வார் ஃபோல்டருக்குள் கிராஷ் என்ற இடத்தில் ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு ஃபோல்டர் சேர்ந்திருந்தது, அதிலிருந்த லாகின் கடைசியில் 'ஃபேட்டல் மெஷின் செக்' என்று கர்னல் பேனிக், அதாவது வன்பொருள் பிழையால் கர்னலே நின்றுபோயிருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களின் மெசேஜஸ் லாகில் மெமரிப் பிழைகளைச் சொல்லும் ஈடாக் எச்சரிக்கைகள் வரிசையாக, எல்லாம் ஒரே மெமரி ஸ்லாட்டைக் காட்டி. ராம் பழுது! பேக்கப் ஓடும்போது மெமரி முழுக்க உபயோகத்துக்கு வரும், கெட்ட பகுதியைத் தொட்டதும் விழும். உள்ளூர்க் கடையில் அந்த ஒரு ராமை மாற்றினோம், சில ஆயிரம் ரூபாய்தான் ஆனது, அதன் பிறகு விழவே இல்லை. எந்த ஓஎஸ் போட்டிருந்தாலும் அந்த ராம் கவிழ்த்திருக்கும்.

நிஜமான 7-லிருந்து 8-க்கான மாற்றம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். அல்மாலினக்ஸின் எலிவேட் திட்டத்தின்படி செய்தால், லீப் என்ற கருவி முதலில் சோதனை ஓட்டி, என்னென்ன தடை என்று ஓர் அறிக்கை எழுதும். வார் லாக் ஃபோல்டருக்குள் லீப் என்ற பெயரில் அது கிடக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே நிறைய விஷயங்கள் கண்டிப்பாக மாறும். 'பைதான்' என்று மட்டும் தட்டினால் ஓடாது, ஓஎஸோடு வரும் டேட்டாபேஸான மரியாடிபி 5.5 இருந்த இடத்தில் 10.3, பிஎச்பி மொழி 5.4 இருந்த இடத்தில் 7.2 வரும், பல டிஸ்குகளை இணைக்கும் சில பழைய ரெய்டு கார்டுகளுக்கான டிரைவரே 8-ல் கிடையாது, முன்கூட்டிப் பார்க்காவிட்டால் டிஸ்க் தெரியாமல் பூட் ஆகாமல் நின்றுவிடும். அதனால், எதுவுமே மாறவில்லை என்று ஒருவர் பெருமைப்பட்டால் அங்கேயே நிறுத்தி 'யுநேம் -ஆர்', 'ஆர்பிஎம் -கியூ ஜிலிப்சி' இரண்டையும் உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.

நாங்கள் கடைசியில் வேறு டிஸ்கில் புதிதாக அல்மாலினக்ஸ் 8 போட்டு, டேட்டாபேஸை டம்ப் எடுத்து ஏற்றிக்கொண்டோம், 2029 வரை திருத்தங்கள் வரும். அவர்களிடம் லீப் லாக் கேட்டால் இடம் அடைக்கும் என்று அழித்துவிட்டோம் என்கிறார்கள், மீதிப் பணத்துக்கு மட்டும் இன்னும் போன் வருகிறது. தரப்போவதில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறோம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருப்பது தெரிந்தால் உடனே போன் போட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் ரூட் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரூட் கணக்கின் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் ஆத்தரைஸ்ட்-கீஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். எங்களுடையதில், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே வர உதவும் அவர்கள் கீ இரண்டு அப்படியே இருந்தன. அதை அழித்து, டேட்டாவை வெளி டிஸ்கில் எடுத்து வைத்த பிறகுதான் நாங்கள் அவர்களிடம் வாயே திறந்தோம்.