மெகா சீரியல், நீயா நானா, பிக் பாஸ், சிங்கள நாடகம்: பேசிப் பழக எது உதவும்?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை ஒன்று ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறது. வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முதலாளியிடம் லீவு கேட்பது, கோபப்படும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, கூட வேலை செய்கிறவர்களோடு சாப்பிட உட்கார்ந்து பேசுவது, இவைதான் மாதக்கணக்கில் இழுக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாத ஆளிடம் தானாகப் பேச்சைத் தொடங்க வேண்டிய நிலை அங்கே அபூர்வம். அதனால் பல பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை டிவியில் தேடுகிறார்கள். தேடுவதில் தப்பே இல்லை. எதில் தேடுவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பார்த்தே பழக முடியும் என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1960களிலேயே காட்டிவிட்டார். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அடித்தார்கள். 1963இல் வெளியான ஆய்வில், அதைத் திரையில் மட்டும் பார்த்த பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். இந்தக் கற்றலை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார்: கவனிப்பது, மனதில் பதிப்பது, செய்து பார்ப்பது, செய்யத் தூண்டுதல் இருப்பது. முதல் இரண்டையும் டிவி தரும். மூன்றாவது நம் கையில்தான் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தால் அடுத்த நாள் செய்து பார்க்க ஏதாவது கிடைக்கிறதா? என் அளவுகோல் அதுதான்.

முதலில் நம் வீடுகளில் அதிகம் ஓடும் தமிழ்நாட்டு மெகா சீரியல். முகத்தைப் படிக்க இது பழக்கும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் யார் என்ன நினைக்கிறார் என்பதைப் பின்னணி இசையே சொல்லிவிடுகிறது, கேமராவும் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்று காட்டுகிறது. நேரில் அந்த உதவி கிடையாது. அதைவிடப் பெரிய கெடுதல், கதை நகரவே மனிதர்கள் பேசாமல் இருக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று பாதியைக் கேட்கிறாள், தப்பாகப் புரிந்துகொள்கிறாள், போய்க் கேட்பதில்லை. ஐந்து நிமிடத்தில் பேசித் தீர்க்கக்கூடியது ஆறு மாதம் ஓடுகிறது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனம் நடக்கும் லயத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு, இது மிக மோசமான பாடம். பொழுதுபோக்குக்குப் பாருங்கள், பழக்கத்துக்கு வேண்டாம்.

பிக் பாஸ் தமிழில் 2017இல் தொடங்கியது. இதில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி வார இறுதி. ஒரு சண்டையில் தான் என்ன சொன்னோம், அது மற்றவருக்கு எப்படிக் கேட்டது என்பதை, பங்கேற்றவர் எல்லோர் முன்னாலும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். மற்ற நாட்களில், ஒரு முழு நாளை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வெட்டும்போது தங்குவது பெரும்பாலும் மோதல்தான். அமைதியாகப் பாத்திரம் கழுவியவரை யாரும் காட்டுவதில்லை.

விஜய் டிவியில் 2006 முதல் ஓடும் நீயா நானா வேறு ரகம். இரண்டு பக்கமும் சாதாரண மனிதர்கள். தன் கருத்துக்கு ஒரு காரணம், ஒரு அனுபவம் சொல்லித்தான் பேச வேண்டும். மருமகள் சொல்வதை மாமியார் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துரை பேசக் கேட்டுக்கொண்டு நின்று பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு, மைக் கைக்கு வந்ததும் எழுந்து நின்று 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று மரியாதையோடு சொல்வதைப் பார்ப்பதே பெரிய விஷயம். நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். குறை என்னவென்றால், அங்கே பேச்சு என்றால் வாதம். வாதமில்லாத பேச்சுத்தான் வாழ்க்கையில் அதிகம்.

அப்புறம், நம் ஆட்கள் கணக்கிலேயே எடுக்காத சிங்களத் தொலைக்காட்சி நாடகம். பிதுருதலாகலை மலை உச்சியில் ஒளிபரப்பு நிலையம் வைத்திருக்கும் அரச தொலைக்காட்சி ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. டிஷ்ஷுக்குக் காசு கட்டாத வீட்டிலும் பார்க்கலாம். இருந்தும் தமிழ் சேனல் எடுக்காத நாளில்தான் அந்தப் பக்கம் போகிறோம்.

கொழும்புக்கோ கண்டிக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உதவும் என்பது என் முடிவு. சிங்களம் பழகச் செய்தி பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. செய்தி வாசிப்பது எழுத்து நடை, கடையில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். நாடகத்தில் வருவது வீட்டிலும் பஸ்ஸிலும் பேசும் சிங்களம். யாரை அய்யே (அண்ணா) என்பது, யாரை மிஸ் என்பது, வீட்டுக்கு வந்தவரை எப்படி உட்காரச் சொல்வது, கொடுத்த தேநீரை வேண்டாம் என்றால் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது, எல்லாம் அதில் கிடைக்கிறது. பல நாடகங்கள் நிதானமானவை, இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கும் இடம் கொடுப்பவை. மறுநாளே செய்து பார்க்கலாம்.

ஒரு வருத்தமும் உண்டு. நான் பார்த்த நாடகங்களில் தோட்டத்துத் தமிழர் வந்தால், உடைந்த சிங்களம் பேசும் வேலையாளாகத்தான் பெரும்பாலும் வருகிறார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூனிக்குறுகக் கூடாது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்து, 'இது இவர்கள் எழுதியது, நாம் இப்படி இல்லை' என்று சொல்ல வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. பிரதேச செயலகத்தில் தமிழில் கேட்பது உரிமை, அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கடைக் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டியது வேறு.

பக்கத்தில் ஒருவர் இருப்பது எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும். டேனியல் டைகர் என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியை வைத்து 2016இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நிகழ்ச்சியைப் பார்த்த பிள்ளைகளில், அதைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி பேசிய வீட்டுப் பிள்ளைகளிடம்தான் பிறர் உணர்வை அறிவது போன்ற திறமைகள் கூடின. அவர்கள் சின்னப் பிள்ளைகள்தான், இருந்தாலும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். யூடியூபில் நாடகம் பார்த்தால் ஒரு வசனத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். 'நீயாக இருந்தால் இப்போது என்ன சொல்வாய்?' என்று தங்கச்சியிடம் கேளுங்கள். அவள் வாய்விட்டுச் சொல்லட்டும், பிறகு ஓடவிடுங்கள்.

டிவியே வேண்டாம், மாசியில் தோட்டங்களில் ஆடும் மன்மதன், ரதி கதையான காமன் கூத்துக்குப் போகட்டும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டத்துக்கு முன்னால் நிற்பது, மூத்தவர் திருத்தினால் ஏற்பது, பத்துப் பேரோடு ஒத்துப்போவது என்று எல்லாம் செய்தே பழகும் இடம் அது, டிவி கிட்டவும் நெருங்க முடியாது. ஆனால் ரதி வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த கூத்து. தோட்டத்தைவிட்டு வேலைக்குப் போகிறவர்களில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குக் கூத்தில் இடம் கிடைக்கும்வரை, இரவில் அரை மணி நேரம் சிங்கள நாடகமும் கூட உட்கார்ந்து பேச ஒரு அக்காவும் இருந்தால், முதல் நாள் கடைக்குள் நுழையும்போது பேச்சு வரும்.