தொட்டி நல்ல தொட்டிதான், ஆனால் அந்த மூடி இருக்கிறதே...

நண்பன் ஒருவன் வீட்டில் ஹாட் டப், அதாவது நாலைந்து பேர் உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி, வைக்கப் போகிறானாம். "நீதான் இத்தனை வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. மூடியைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கை, தொட்டியின் பக்கவாட்டுப் பலகையிலிருந்து திருகோடு பிய்த்துக்கொண்டு வந்து, மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போன வாரம் அது. அப்போது என் வாயில் வந்த ஒரே வார்த்தையை எழுத முடியாது, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் எத்தனை, இருக்கை எத்தனை என்பதையெல்லாம் விற்பவர்களே பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அதை விடுங்கள். பொருத்தும் வேலையிலும் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். 1,200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீரே 1,200 கிலோ, தொட்டியின் சொந்த எடையும் உள்ளே உட்காரும் நாலைந்து பேரும் சேர்ந்தால் இரண்டு டன்னை நெருங்கிவிடும், ஆகவே மட்டம் பார்த்துப் போட்ட கான்கிரீட் தளம் வேண்டும், மாடியில் வைக்க ஆசை இருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் தொடவே கூடாது. மின்சாரத்துக்குத் தனி லைன், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர், இரண்டும் கட்டாயம். நாலு பக்கமும் ஆள் குனிந்து வேலை பார்க்க இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால், பின்னால் ஒரு குழாய் இணைப்பில் நீர் கசிந்தாலும் மொத்தத் தொட்டியையும் காலி செய்து நகர்த்த வேண்டிவரும்.

தண்ணீர் பராமரிப்புதான் பெரிய தலைவலி என்று பலர் பயமுறுத்துவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறம் மாறிக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் முக்கி எடுத்தால், அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும், குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே (பத்து லட்சம் பங்கில் மூன்று பங்கு) இறங்கக் கூடாது, அவ்வளவுதான். சுடுநீரில் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மூக்கைத் துளைக்கும் நீச்சல்குள வாடை வந்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரின்தான் அப்படி நாறும், அப்போதுதான் இன்னும் போட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறி உடம்பெல்லாம் சிவந்த கொப்புளமாகக் கிளம்பும், அது விளையாட்டில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, குழாய்க்குள் படியும் வழவழப்பைக் கரைக்கும் மருந்தை ஊற்றி ஓடவிட்டு, பிறகு முழுக்கக் காலி செய்து புதுத் தண்ணீர் பிடிப்பேன். திரையில் ஃப்ளோ என்று, அதாவது தண்ணீர் ஓட்டம் சரியில்லை என்று, எரர் காட்டினால் பதறாமல் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். பம்ப், ஹீட்டர் இரண்டும் இன்றுவரை என்னைப் படுத்தியதில்லை. 40 டிகிரிதான் மேல் வரம்பு, 38இலேயே முதுகு தளர்ந்துவிடும், அன்றைக்குத் தூக்கம் வரும் விதமே வேறு. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது மூடிக்கு வருகிறேன்.

ஜெட் அடிக்கும் யோசனை, காண்டிடோ ஜக்கூசி என்பவர் மூட்டுவாதத்தில் அவதிப்பட்ட தன் சின்ன மகனுக்காகக் குளியல் தொட்டியில் வைக்கும் பம்ப் ஒன்றைச் செய்ததிலிருந்து வளர்ந்தது. அதே குடும்பத்தின் ராய் ஜக்கூசி 1968இல் ஜெட்டைத் தொட்டிக்குள்ளேயே பதித்துவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவோ வந்தாயிற்று, கலர் கலராய் விளக்கு எரிகிறது, பாட்டு பாடுகிறது, போனிலிருந்தே சூடேற்றலாம். மூடி மட்டும் இன்னும் ரெக்ஸின் உறைக்குள் திணித்த இரண்டு தெர்மோகோல் பலகைதான்!

அது எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். பலகையைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள், நீராவி உள்ளே போகாமல் இருக்க. மேலே வெயில், கீழே இரவும் பகலும் சுடு ஆவி, அதோடு குளோரின் வாடையும் சேர்ந்து முதலில் தையல் நூலை அரிக்கும். அப்புறம் தாளில் எங்கோ ஊசி முனையளவு ஓட்டை விழும். அதன் வழியே போன ஆவி பலகைக்குள் குளிர்ந்து தண்ணீராகி அங்கேயே தங்கிவிடும், வெளியே வர வழியில்லை. வெயிலில் சாய்த்து வைத்தால் காயும் என்பார்கள், காயாது. வாங்கும்போது ஒரு கையால் மடித்த மூடி, கடைசியில் மழையில் ஊறிய பஞ்சு மெத்தை கணக்காய்க் கனத்துப்போனது. அந்தக் கனத்தை இழுத்து இழுத்துத்தான் இரும்புக் கை பிய்ந்தது. "கை பலமாத்தான் இருக்கு சார், மூடிதான் கனம்" என்று மெக்கானிக்கும் சொன்னார்.

கனம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஊறிய பலகை சூட்டைத் தடுக்காது. நடு மடிப்பிலும் ஓரத்திலும் ஆவி புகைந்துகொண்டே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூடு அதோடு போகிறது, அதை ஹீட்டர் திரும்ப ஈடுகட்ட வேண்டும். 1,200 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றவே 1.4 யூனிட் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் பில் ஏறுகிறதே, ஹீட்டர் பழுதோ என்று சந்தேகப்பட்டால், முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மூடி கனத்துப்போனால் நாம் தொட்டிக்குப் போவதே குறைந்துவிடும். வேலை முடிந்து அலுத்துப்போய் வந்தபின் யார் அதோடு மல்லுக்கட்டுவது? வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் வெந்நீர் அதிகம் தேவை, அவர்களால் அதை அசைக்கக்கூட முடியாது. விற்பவரிடம் சொன்னால், தொட்டி உடலுக்கு நீண்ட வாரண்டி, மூடி தேய்மானப் பொருள் கணக்கில் வரும், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். விற்கும்போது இந்தத் தேய்மானப் பேச்சு வரவே இல்லை என்பதுதான் கோபம்.

நியாயமாகச் சொன்னால், கொஞ்சம் பார்த்துக்கொண்டால் மூடி கூடுதல் காலம் தாங்கும். குளோரின் அதிகம் போடும் நாளில் அரை மணி நேரமாவது திறந்து வைத்து, அந்த வாடை வெளியேறிய பிறகு மூடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அப்போது பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும், மற்ற நேரத்தில் பட்டையும் பூட்டும் போட்டே இருக்க வேண்டும். மேலே யாரும் உட்காரக் கூடாது. இதெல்லாம் செய்தாலும் சில வருடங்களில் மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவையும் தொட்டி விலையோடு சேர்த்தே பாருங்கள். புது மூடி வாங்கும்போது நீராவித் தாளின் தடிமன் என்ன, தாளின் இணைப்புகளை ஒட்டியிருக்கிறார்களா, மடிப்பின் முழு நீளத்துக்கும் அடைப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் கலர் அட்டையை நீட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

நண்பா, நீ கேட்ட ஒரே வார்த்தை: வேண்டாம். இந்த மாத மனநிலையில் இதுதான் பதில். சரி, அப்படியென்றால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன் என்று மட்டும் கேட்காதே. புது மூடிக்கு நேற்றுத்தான் அளவு கொடுத்திருக்கிறேன்.